நாற்பத்தேழாம் பக்கத்துப் புள்ளி

எங்கள் மாவட்ட நூலகத்துக்கு இந்த ஆண்டு ஐம்பது வயது. சிறப்பு மலர் போடுகிறார்கள். மலர்க்குழுவிலிருந்து ஒருவர் வண்டிக் கொட்டகைக்கே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "நடமாடும் நூலகத்துல இருந்த மேடத்தைப் பத்தி நீங்கதான் எழுதணும். பத்தொன்பது வருஷம் கூடவே வண்டி ஓட்டியிருக்கீங்க. ஒரு பக்கம் போதும்" என்றார். எத்தனை ஊர், எத்தனை கிலோமீட்டர், எத்தனை புத்தகம் என்று எழுதினால் போதுமாம். ஸ்டியரிங் பிடித்த கைக்குப் பேனா எதற்கு என்று தட்டிக்கழித்துப் பார்த்தேன். ஆள் விடவில்லை. சரி, எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டது இதில் கொஞ்சம்தான் இருக்கும். போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

மேடம் போன வருடம் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் இதை எழுத எனக்குத் தைரியம் வந்திருக்காது.

எங்கள் நூலகத்தைத் தொடங்கியவர் ஒரு மாட்டு வைத்தியர். ஊர் ஊராகப் போகும்போது மருந்துப் பெட்டியோடு ஒரு புத்தகப் பெட்டியையும் வண்டியில் வைத்திருப்பாராம். மாட்டுக்கு ஊசியைப் போட்டுவிட்டு, மாட்டுக்காரர் கையில் ஒரு நாவலைக் கொடுத்துவிட்டு வருவார். அடுத்த புத்தகம் வேண்டுமென்றால் அடுத்த மாட்டுக்குக் காய்ச்சல் வர வேண்டும். நன்றாகப் புல் தின்றுகொண்டிருக்கும் மாட்டைக் காட்டி வைத்தியரைக் கூப்பிட்டனுப்ப ஆரம்பித்த பிறகுதான் மாவட்ட மன்றத்துக்கு உறைத்தது. நகரத்தில் மைய நூலகம், பெரிய ஊர்களில் ஏழு கிளைகள், மற்ற ஊர்களுக்கு ஒரு வண்டி என்று தீர்மானம் போட்டார்கள். அந்த வண்டி, மூடிப்போன ஒரு ரொட்டிக் கடையுடையது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட மழை நாளில் அலமாரிக்குப் பின்னாலிருந்து ரொட்டி வாசனை வரும்.

பதினொரு நிறுத்தங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போவோம். புத்தகம் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை என்று நினைத்தால் தப்பு. மனு எழுதிக் கொடுப்போம். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வோம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுப்போம். மேடத்திடம் ஒரு டப்பா நிறையப் பழைய மூக்குக்கண்ணாடிகள் இருக்கும். யாருக்கு எது பொருந்துகிறதோ அதைப் புத்தகத்தோடு இரவல் கொடுப்பார், தேதி முத்திரை குத்தாத குறைதான்.

இனி எங்கள் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அப்போது கணினி கிடையாது. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு அட்டை இருக்கும். வாசகருக்கு ஒரு சின்னக் காகிதப் பை உண்டு. புத்தகத்தை எடுத்துப் போனால் அதன் அட்டை அவருடைய பைக்குள் போய்விடும். திருப்பித் தந்தால் அட்டை மறுபடி புத்தகத்துக்குள். அத்தோடு கதை முடிந்தது. யார் எதைப் படித்தார் என்பதற்கு எங்கும் ஒரு தடயமும் இருக்காது. போதாததற்கு, கிழிந்த புத்தகங்களை மைய நூலகத்தில் பைண்டு செய்யும்போது எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு ரெக்சின் உறை போட்டுவிடுவார்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை, ஒரே அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். நாலு வருடம் கழித்து அதே புத்தகம் கையில் வந்தால், படித்ததா படிக்காததா என்று யாருக்குத் தெரியும்?

அதனால் வாசகர்கள் ஆளுக்கொரு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நிறுத்தத்துத் தையற்காரர் இருபதாம் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவார். ஐந்தாம் நிறுத்தத்துத் தபால்காரம்மா கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூ வரைவார். வண்டிக்குள் ஏறியதும் கதையைப் பார்க்க மாட்டார்கள், தலைப்பைப் பார்க்க மாட்டார்கள், நேராகத் தங்கள் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். குறி இருந்தால் திரும்ப அலமாரிக்கு. இல்லாவிட்டால் வீட்டுக்கு.

மேடத்துக்கு இது ஆகவே ஆகாது. மூக்கின் மேல் கோபம் வரும். "புத்தகம் என்ன இவங்க வீட்டுச் சுவரா?" என்பார். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற அதே கயிற்றில் ஒரு ரப்பரையும் கட்டித் தொங்கவிட்டிருப்பார். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, திரும்பி வந்த புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி அழித்துக்கொண்டே வருவார். மடியெல்லாம் ரப்பர்த் தூள். ஊரெல்லாம் அவருக்கு 'ரப்பர் மேடம்' என்றுதான் பெயர். அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. தையற்காரர் லேசுப்பட்ட ஆளா? பென்சிலை விட்டுவிட்டு ஊசியால் துளை போட ஆரம்பித்தார். தபால்காரம்மா பக்கத்து முனையை மடித்தார். துளையை எந்த ரப்பரால் அழிக்க முடியும்? மேடம் பல்லைக் கடித்தார், நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

ஒன்பதாம் நிறுத்தம் மேடத்தின் சொந்த ஊர். அங்கே அவருடைய அப்பா தனியாக இருந்தார். ரயில்வேயில் கைகாட்டி இயக்குகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைக் கைகாட்டி ஐயா என்போம். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம். மேடத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப்பிறந்தவர்களும் கிடையாது. மகளுக்கு அப்பா, அப்பாவுக்கு மகள், அவ்வளவுதான். மகள் மைய நூலகத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எங்கள் வண்டி போய் நின்றால்தான் இருவரும் பார்த்துக்கொள்வார்கள்.

கைகாட்டி ஐயா தடவைக்கு நாலு துப்பறியும் நாவல் எடுப்பார். கோழி வளர்த்தார். அவருக்கு ஆசை ஒன்றுதான், பயமும் ஒன்றுதான். கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்து அங்கேயே கண்ணை மூட வேண்டும் என்பது ஆசை. புத்தி தடுமாறிவிடுமோ என்பது பயம். அவருடைய அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. சாப்பிடாமலேயே சாப்பிட்டாகிவிட்டது என்பாராம், பூட்டாமலேயே பூட்டிவிட்டேன் என்பாராம். கடைசி இரண்டு வருடம் கட்டிலோடு கட்டிப்போட்டார்கள். அதை நேரில் பார்த்தவர் இவர்.

ஒருநாள் மகள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மனு எழுதப் போயிருந்தபோது, ஐயா என்னிடம் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். நாற்பத்தேழாம் பக்கம். பக்க எண்ணுக்குக் கீழே ஊசிமுனை அளவுக்கு ஒரு பென்சில் புள்ளி.

"இது என்னோட புள்ளி தம்பி. நாற்பத்தேழு நான் உக்காந்து கைகாட்டி போட்ட கேபின் நம்பர். இவ வேலைக்கு வர்றதுக்கு முன்னாலிருந்தே வெக்கிறேன். இன்னிவரைக்கும் கண்டுபிடிக்கல" என்றார்.

"ஊசியால குத்திடுங்களேன் ஐயா. தையற்காரர் அப்படித்தான் பண்றாரு."

"சேச்சே. புத்தகத்தை ஓட்டை போடறதா? என் மக பாக்கற வேலைப்பா அது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதே. கத்துவா."

"இவ்வளவு புத்தகத்துல படிச்சது படிக்காதது உங்களுக்கே ஞாபகம் இருக்காதா?"

"ஞாபகத்தை வெச்சு ரயில் விடமுடியுமா? தண்டவாளம் காலியா இருக்குன்னு மனசு சொல்லும். மனசு சொல்றதைக் கேட்கக் கூடாது. பதிவேட்டைப் பாக்கணும். அதுல எழுதியிருந்தா உண்டு, எழுதலைன்னா இல்ல. முப்பத்தாறு வருஷம் அப்படித்தான் வேலை பாத்தேன்."

நான் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் காப்பாற்றியிருக்கவே கூடாத வாக்கு அது ஒன்றுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த பதினோராம் வருடத்தில் மேடத்துக்குக் கண்ணாடி வந்தது. ஊருக்கெல்லாம் டப்பாவிலிருந்து கண்ணாடி எடுத்துக் கொடுத்தவர், தனக்கு என்று வந்தபோது ஒரு மாதம் முரண்டு பிடித்தார். போட்ட பிறகு அவரைக் கையால் பிடிக்க முடியவில்லை. "இத்தனை நாள் பாதி அழுக்கை விட்டிருக்கேன் டிரைவர்!" என்று பழைய புத்தகங்களையெல்லாம் மறுபடி எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்.

மூன்றாவது வாரமே பிடித்துவிட்டார். "இங்க பாருங்க! பக்க நம்பருக்குக் கீழ ஒரு புள்ளி! முதல்ல அச்சுப் பிழைன்னு நினைச்சேன். அடுத்த புத்தகத்துலயும் இருக்கு. அதே பக்கம். யாரோ பல வருஷமா என் கண்ணுல மண்ணைத் தூவியிருக்காங்க."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தெரியாதவன் மாதிரி சாலையைப் பார்த்தேன். அப்பா புள்ளி வைக்க, மகள் அழிக்க, இரண்டும் எனக்கு மட்டும் தெரிந்திருக்க, இது ஒரு நல்ல வேடிக்கையாக இருந்தது எனக்கு. அந்தப் புள்ளி எதற்கு என்று ஐயா வாய் திறந்து எனக்குச் சொல்லியிருந்தார். புத்தி என்று ஒன்று எனக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் கைகாட்டி ஐயா கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினார். வண்டிக்கு வருவார், நாலு புத்தகம் எடுப்பார், பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. ஒருமுறை என்னிடம், "இருபதாம் பக்கத்துலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடுது தம்பி" என்றார்.

"நீங்க போலீஸ்ல சேந்திருக்கணும் ஐயா" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி உறையைத் தடவிக்கொண்டே நின்றார்.

அதற்கப்புறம் இரண்டு மாதத்தில், மகளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். நான் வண்டி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்கு ஆரம்பிச்சிடுச்சும்மா. அண்ணனுக்கு வந்த மாதிரியே. நகரத்துல இருக்கிற முதியோர் இல்லத்துல எனக்கு ஒரு இடம் பாரு."

"என்னப்பா உளர்றீங்க? உங்களுக்கு என்ன? எல்லாம் கரெக்டாத்தானே பண்றீங்க?"

"நான் பண்ணினது எனக்கே தெரியலம்மா. போட்டேன்னு நினைக்கிறேன், போட்டிருக்கல. ஒண்ணு ரெண்டு தடவை இல்ல. எண்ணி வெச்சிருக்கேன்."

"எதைப் போட்டீங்க, எதைப் போடல?"

அவர் சொல்லவில்லை. சொன்னால் புள்ளி வைத்த கதையைச் சொல்ல வேண்டும். மகள் கத்துவாள். புத்தியே போய்விட்டது என்று நம்பிய நேரத்திலும் அந்த மனுஷனுக்கு மகளிடம் திட்டு வாங்கப் பயம்.

மேடம் என்னோடு வந்து இருங்கள் என்றார். வேலையை விட்டுவிட்டு நானே இங்கே வந்துவிடுகிறேன் என்றார். அழுதார். வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர், இந்த வயதில் இதெல்லாம் சகஜம், போகப்போகத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார். ஐயாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அடுப்பை அணைத்ததாக நினைத்து அணைக்காமல் விட்டால் பக்கத்து வீடும் சேர்ந்து எரியும் என்றார்.

"சந்தேகம் வந்துட்டா சாவியை அடுத்த ஆள்கிட்ட குடுத்துட்டு இறங்கிடணும். கேபின்ல அதுதான் சட்டம்" என்று வீட்டுச் சாவியை மகள் கையில் வைத்தார். கோழிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். ஒரு பெட்டியோடு எங்கள் வண்டியில்தான் ஏறினார், அலமாரிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் ஒரு புத்தகத்தையும் கையால் தொடவில்லை. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

இல்லத்தில் பதினோரு மாதம் இருந்தார். மேடம் வாராவாரம் போனார். போகும்போதெல்லாம் இரண்டு நாவல் கொண்டுபோவார், போன வாரத்து இரண்டும் பிரிக்காமலே திரும்பி வரும். "எதுக்கும்மா? படிச்சாலும் நிக்கப்போறதில்ல" என்பாராம். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாராம். குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ஐந்தே நாள்.

சாமான்களை எடுக்க மேடத்தோடு நானும் போனேன். இல்லத்துப் பொறுப்பாளரம்மா பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த மாதிரி தெளிவா ஒரு மனுஷரை நான் பாத்ததில்ல" என்றார்.

"அப்பாவுக்கு ஞாபகமறதி இருந்ததே" என்றார் மேடம்.

"யாருக்கு, உங்க அப்பாவுக்கா? யாருக்கு எத்தனை மணிக்கு எந்த மாத்திரைன்னு எங்களுக்கே அவர்தான் சொல்வாரு. ஹால் கடிகாரம் நாலு நிமிஷம் பின்னால ஓடுதுன்னு கண்டுபிடிச்சதே அவர்தான்."

மேடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். பெட்டியை வண்டியில் ஏற்றி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் வைத்துத் திறந்தார். சட்டைகளுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். ரயில்வேப் பதிவேடு மாதிரி கோடு போட்டு, தேதி, புத்தகத்தின் பெயர், குறிப்பு என்று மூன்று பத்திகள். மேடம் வாய்விட்டே படித்தார்.

"கதை முழுவதும் தெரிகிறது. நாற்பத்தேழில் புள்ளி இல்லை. வைக்க மறந்திருக்கிறேன்."

அடுத்த வரி. "கொலைகாரன் மைத்துனன் என்று முன்பே தெரிகிறது. புள்ளி இல்லை. புள்ளி வைத்ததாக நன்றாக நினைவு. நினைவு தவறு."

அடுத்தது. அதற்கடுத்தது. மொத்தம் பதினான்கு புத்தகங்கள். பதினான்காவதற்குக் கீழே அடிக்கோடு போட்டு, "இனி தனியாக இருப்பது மற்றவர்களுக்கு ஆபத்து" என்று எழுதியிருந்தார். கையெழுத்தில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

நான் வண்டியைக் கிளப்பவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது.

மேடம் நோட்டை மூடினார். பிறகு, கழுத்தில் தொங்கிய ரப்பரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்தப் புள்ளி அப்பாவோடதா?"

"ஆமா மேடம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் அழிச்சதும் தெரியும்."

"தெரியும் மேடம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. சொன்னா நீங்க கத்துவீங்கன்னு..."

"கத்தியிருப்பேன்" என்றார் மேடம். நோட்டைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "கத்தியிருந்தா அப்பா வீட்டுல இருந்திருப்பாரு" என்றார்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு ஐந்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

நடந்ததையெல்லாம் எழுதி மைய நூலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார், தன்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி. நூலகத் தலைவர் படித்துவிட்டு, குறிகளை அழிப்பது விதிப்படி சரிதான், இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை என்று பதில் எழுதினார். மேடம் அந்தப் பதிலை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் கயிற்றில் ரப்பர் இல்லை. வயதாகிவிட்டதால் மேடம் இளகிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தபால்காரம்மா மறுபடி பூ வரைந்தார், தைரியமாக, முழுப் பக்கத்துக்கு.

ஒருநாள் ஒன்பதாம் நிறுத்தத்தில், கூட்டம் இல்லாத நேரத்தில், மேடம் அலமாரிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். கையில் பென்சில். நோட்டைப் பார்ப்பதும், புத்தகத்தைத் தேடி எடுப்பதும், நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறப்பதுமாக இருந்தார். பக்க எண்ணுக்குக் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் தேய்ந்திருக்கும், அதன்மேலேயே வைத்தார். நான் சத்தம் காட்டாமல் இறங்கிப் போய்விட்டேன்.

வண்டியிலிருந்து கிளை நூலகங்களுக்கு மாறிப்போனவற்றையும் தேடிப் போய், பதின்மூன்று புத்தகங்களுக்கு வைத்துவிட்டார். பதினான்காவது கிடைக்கவில்லை. எடுத்துப்போனவர் ஊரை விட்டே போய்விட்டார். ஓய்வு பெற்ற அன்று அந்தப் பென்சிலையும், ஒரு சீட்டில் அந்தப் புத்தகத்தின் பெயரையும் என்னிடம் கொடுத்தார். "என்னிக்காவது வந்தா வெச்சிடுங்க டிரைவர். சின்னதா வெக்கணும்" என்றார். ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் வந்ததா என்று கேட்பார். போன வருடம் ஆஸ்பத்திரியிலும் கேட்டார்.

இப்போது எல்லாம் கணினி. யாராவது படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்தால், திரையில் அதுவே சொல்லிவிடுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வருகிறது. யார்மேல் என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் முன்னால், மூன்றாவது கிளையின் வாசல் பெட்டிக்குள் யாரோ அந்தப் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கறுப்பு ரெக்சின் உறை, ஓரம் கரையான் அரித்திருந்தது. வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன். மேடம் தேய்த்த இடம் தெரிந்தது. பென்சிலை வைத்தேன். எனக்கு நுணுக்கமான வேலை வராது. புள்ளி மிளகு அளவுக்குப் பெரிதாக விழுந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி வைக்கலாம் என்று நினைத்தேன். மனம் வரவில்லை. மேடம் இருந்திருந்தால் கத்தியிருப்பார்.